குளிர் பற்று, வெயில் வரவு!

போன வருடம் ஏப்ரல் கடைசி. கத்திரி தொடங்க இன்னும் நாலைந்து நாள் பாக்கி இருந்தது. ஆனால், சென்னை வெயிலுக்குக் காலண்டர் பார்த்து டியூட்டிக்கு வருகிற பழக்கம் கிடையாது. முன்கூட்டியே ஜாயின் பண்ணி, ஓவர்டைமும் பார்த்துக்கொண்டிருந்தது.

தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தேன். உச்சந்தலை காய, உள்ளங்கை சுட, ஊதி ஊதி டீ. (நாற்பது டிகிரியிலும் நமக்கு டீ சூடாகத்தான் இருக்க வேண்டும். ஆறியிருந்தால் மாஸ்டரோடு சண்டை போடுவோம். ஏன் என்று கேட்காதீர்கள்.)

அப்போதுதான் எதிர் வீட்டு மாடி பேச்சிலர் தம்பி அந்தக் கேள்வியைப் போட்டான்.

"அண்ணே, ஒரே சாய்ஸ்தான். ஆயுசு பூரா வெயில் காலம். இல்லேன்னா ஆயுசு பூரா குளிர் காலம். நடுவுல மாத்த முடியாது. எது வேணும்?"

"உனக்கு எதுடா?"

"இதிலென்ன சந்தேகம்? குளிர்தான்!"

அவன் சொல்வான். ராத்திரி ஷிஃப்ட்டில் உட்கார்ந்து அமெரிக்கக்காரர்களின் கம்ப்யூட்டர் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கிற உத்தியோகம். ஆபீஸில் பதினெட்டு டிகிரி ஏ.சி. மே மாதம் சென்னையில் தோளில் ஜெர்க்கின் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற அதிசயப் பிறவி. அவனுக்குப் பன்னிரண்டு மாதமும் டிசம்பர்.

இந்த ஏ.சி. சமாசாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் இதை முதலில் வடிவமைத்தது மனுஷனுக்காக அல்ல. நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகம். காற்றிலுள்ள ஈரத்தில் காகிதம் உப்பி, கலர்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாமல் படுத்தின. காகிதத்தைக் காப்பாற்றக் கண்டுபிடித்த விஷயம் அது. ஆகவே, ஆபீஸில் சில்லென்று உட்கார்ந்திருக்கும்போது பக்கத்திலிருக்கும் ஃபைலுக்கு ஒரு வணக்கம் வையுங்கள். அது போட்ட பிச்சை!

"மாஸ்டர், உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். நான் நிக்கிறது பாய்லர் பக்கத்துல."

இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் யோசிக்காமல் சொன்னார்: "வெயில்தான் சார்!"

ஆச்சரியமாக இருந்தது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை ஏப்ரல் மத்தியானத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே ஆள், வெயில் கேட்கிறார்.

"மழை, பனின்னா துணி காயாது சார். காயாத துணிய யாரு தேய்க்கக் குடுப்பா?"

அடியேன் பி.காம். அதுவும் இரண்டாம் வகுப்பு. இருந்தாலும் ஒரு விஷயம் பிடிபட்டது. யாரும் பருவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரவர் பிழைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

"நீங்க சொல்லவே இல்லியேண்ணே?"

"குளிர்!" என்றேன் கம்பீரமாக. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி டீயில் விழுந்தது.

* * *

வீட்டுக்கு வந்தால், அதே கேள்வி ஃபாரமாக வந்து காத்துக்கொண்டிருந்தது.

என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். (எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற வார்த்தைக்கு உரிமை கொண்டாடக்கூடியவள் அவள் மட்டும்தான். எனக்கு வருவது 'சன்மானம்'. அது நினைத்தால் வரும்.) பிரமோஷன் கிடைத்திருந்தது. கூடவே டிரான்ஸ்ஃபரும். காலியிடம் இரண்டே ஊரில்.

"உதகமண்டலமாம்... இல்லேன்னா வேலூராம். மூணு நாளைக்குள்ள விருப்பம் சொல்லணும்ங்க. மூணு வருஷம்."

தேர்வு வைப்பவர்களுக்கும் எவ்வளவு குறும்பு பாருங்கள்! தமிழ்நாட்டு மேப்பை விரித்து, குளிருக்கு ஒரு ஊர், வெயிலுக்கு ஒரு ஊர் என்று பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம் என்பது ஆயுசு முழுக்க இல்லைதான். ஆனால் டிரான்ஸ்ஃபரில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிசாக இருக்காது.

அவள் பிறந்தது மதுரை. வாழ்க்கைப்பட்டது சென்னை. அவளுக்குத் தெரிந்த குளிர், ஃப்ரிட்ஜைத் திறந்து தேங்காய் மூடியைத் தேடுகிற அந்த இரண்டு நிமிஷம்தான். கல்யாணமான புதிதில் இரண்டு நாள் ஊட்டியில் இருந்தோம். அந்த இரண்டு நாளை அவள் இன்றுவரைக்கும் வட்டி போட்டு வளர்த்துவருகிறாள். அதனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. முகத்தில் 'ஊட்டி' என்று போர்டு மாட்டியிருந்தது.

"இரு, உணர்ச்சிவசப்பட வேண்டாம். முறையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்று பழைய லாங் சைஸ் நோட்டை எடுத்தேன். பெரிய 'டி' போட்டுக் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் வெயில். படித்த படிப்பு எப்போதுதான் பிரயோஜனப்படுவது?

முதலில் குளிர். கடலிலிருந்து மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் சூடு குறையும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஆக, பதினாலு, பதினைந்து டிகிரி தள்ளுபடி. ஆடி மாதத்தில்கூட எந்தக் கடைக்காரரும் இப்படி நிஜமான தள்ளுபடி தரமாட்டார்.

இந்தத் தள்ளுபடிக்காக ஒரு காலத்தில் என்னென்ன பாடு பட்டிருக்கிறார்கள்! 1819-இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேலே ஏறினார். பிற்பாடு கோடை வந்தால் மெட்ராஸ் சர்க்காரே மூட்டை முடிச்சோடு ஊட்டிக்குக் கிளம்ப ஆரம்பித்தது. மலைக்குப் போக முடியாதவர்கள், குளிரைக் கப்பலில் வரவழைத்தார்கள். 1833-இல் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி, உறைந்த ஏரிகளில் வெட்டியெடுத்த ஐஸ் கட்டிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது 180 டன். நாலு மாதக் கடல் பயணம் முடிந்து இறங்கியது சுமார் 100 டன். பாக்கி வழியிலேயே தண்ணீர்! சரக்கில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போயும் நடந்த வியாபாரம் அது. மெட்ராஸில் அந்த ஐஸை வைக்க 1842-இல் எழுப்பிய கட்டடம்தான் கடற்கரை ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம்.

குளிரில் இத்தனை மவுசு. எழுதிக்கொண்டேன்.

அடுத்து வெயில். நுங்கம்பாக்கம் ரெக்கார்டுபடி சென்னையின் உச்சம், 2003 மே 31-ஆம் தேதி அடித்த 45 டிகிரி. மிகக் குறைவாகப் பதிவானது 13.9 டிகிரி. அந்தக் குளிரில் நடுங்கிய யாரும் இன்று சாட்சி சொல்ல இல்லை. அது நடந்தது 1895-லும் 1905-லும்.

வேலூரில் கோடை வந்தால் நாற்பது தாண்டுவது சர்வசாதாரணம். ஆனால் ஒன்று, அது நேர்மையான வெயில். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாக உடம்பிலிருந்து கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். கவனியுங்கள், ஆவியாக வேண்டும்! காற்று உலர்ந்திருக்கிற வேலூரில் அது நடக்கும். கடல் காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிற சென்னையில், வேர்வை வழியும், சட்டையை நனைக்கும், எதிரே வருகிறவரைத் தள்ளிப் போகச் சொல்லும். குளிர்விக்க மட்டும் செய்யாது. அதனால்தான் அங்கே நாற்பதில் தாங்குகிற மனுஷன் இங்கே முப்பத்தேழில் சுருண்டுவிடுகிறான்.

இப்படிச் சமமாகப் போய்க்கொண்டிருந்த கணக்கில் ஒரு எண் குறுக்கே வந்து விழுந்தது. 2021-இல் 'லான்செட்' குழுமத்து மருத்துவ இதழில் வந்த உலக அளவிலான ஆய்வு. 2000 முதல் 2019 வரை எடுத்துக்கொண்டால், உலகத்துச் சாவுகளில் நூற்றுக்கு எட்டரை குளிரோடு சம்பந்தப்பட்டது. வெயிலோடு சம்பந்தப்பட்டது, ஒன்றுக்கும் கொஞ்சம் கீழே! (குளிர்க் கணக்கு இறங்கிக்கொண்டும் வெயில் கணக்கு ஏறிக்கொண்டும் வருகிறது என்பது வேறு விஷயம்.) பனியில் விறைத்துச் சாவதைச் சொல்லவில்லை. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயம் திணறும். மூச்சுக் குழாய் இறுகும். வெயில் நடுத்தெருவில் ஆளைச் சாய்க்கும்; எல்லோரும் பார்ப்பார்கள். குளிர் ராத்திரி வீட்டுக்குள் வந்து, வயசானவர்கள் படுத்திருக்கிற கட்டிலாகப் பார்த்துப் போய் நிற்கும்.

அந்த வரியை எழுதி முடிக்கும்போது உள்ளறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

அப்பா.

* * *

அப்பாவுக்கு வயசு எழுபத்து மூன்று. ஒரு ஜவுளிக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இழுப்பு உண்டு. சித்திரை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை வரி விடாமல் படிப்பார். மார்கழி பிறந்தால் மங்கி குல்லா, மஃப்ளர், கஷாயம், நெபுலைசர். சென்னை மார்கழிக்கே இந்த ஏற்பாடு! அதற்கு முந்தின ஜனவரியில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்து, விடியும்வரை நெபுலைசர் மூடியை அவர் முகத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானில்லை. நான் பதற்றப்படுகிற டிபார்ட்மென்ட். பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய மருமகள்.

அப்பா மெதுவாக வெளியே வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நீங்க ஊட்டிக்கே போங்கப்பா. நான் திருச்சில அக்கா வீட்டுல இருந்துக்கறேன். மூணு வருஷம்தானே?"

இந்த இடத்தில் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எழுதாமல் மறைத்துவிடலாம், உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அவர் அப்படிச் சொன்னதும், ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம், 'நல்ல ஐடியாதானே' என்று மனசு கணக்குப் போட்டது. ஊட்டியில் சின்ன வீடு, ஜன்னல் ஓரம் டேபிள், மேஜையில் ஆவி பறக்கும் காபி, அடியேன் எழுத்தாளனாக உட்கார்ந்திருக்கும் போஸ். திருச்சிக்கு மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஆச்சு. டீக்கடையில் 'குளிர்' என்று கம்பீரமாகச் சொன்னேனே, அதற்கு விலை எவ்வளவு என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. விலையைக் கட்டப்போவது நானில்லை என்பதும் தெரிந்தது.

பேச்சை மாற்றுவதற்காக நோட்டை நீட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் ஐந்தொகையைத் தணிக்கை செய்தார். பழைய பழக்கம், விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார்.

"தேதி எங்கடா?"

"என்ன தேதிப்பா?"

"கணக்கு முடிக்கிற தேதி. ஆயுசு பூரா வெயில், ஆயுசு பூரா குளிர்னு தலைப்புப் போட்டிருக்கியே. மார்ச் 31 வராத வருஷத்துல லாபமா நஷ்டமான்னு எப்படிடா சொல்லுவ?"

"சும்மா ஒரு கற்பனைதாம்பா..."

"கடையில ஆடி ஒரு சீஸன், தீபாவளி ஒரு சீஸன், கல்யாண மாசம் ஒரு சீஸன். சீஸன்னா வந்துட்டுப் போகணும். வந்துட்டுப் போகாம உக்காந்துட்டா அது சீஸன் இல்லடா. டெட் ஸ்டாக்!"

பி.காம். மூன்று வருடத்தில் யாரும் எனக்கு டெட் ஸ்டாக்கை இவ்வளவு தெளிவாக விளக்கவில்லை.

யோசித்தால் அவர் சொன்னது சரிதான். நிரந்தரக் கோடை வேண்டும் என்கிறவன் எதை நினைத்துச் சொல்கிறான்? மாம்பழத்தை. ஆனால் மாமரத்தைப் பூக்கச் சொல்வது வெயில் இல்லை. தை, மாசியின் குளிர்ந்த இரவுகள். பனி பூவைத் தருகிறது. வெயில் அதைப் பழுக்கவைக்கிறது. நிரந்தரக் கோடையில் வெயில் இருக்கும், மாம்பழத்துக்கு உத்தரவாதம் இருக்காது! நம் பழைய இலக்கணக்காரர்கள் வருடத்தை ஆறாகப் பிரித்து, பனிக்கு மட்டுமே முன்பனி, பின்பனி என்று இரண்டு பங்கு ஒதுக்கினார்கள். இளவேனில், முதுவேனில் என்று வெயிலுக்கும் இரண்டு. ஒன்றே போதும் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை.

* * *

அன்று ராத்திரி நானும் அவளும் ஊட்டியைப் பற்றிப் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நான் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தபடி தூங்கிப்போனேன்.

காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "வேலூர்னு அனுப்பிட்டேங்க."

"என்னது? என்னைக் கேட்கவே இல்ல?"

"கேட்டா நீங்க இன்னொரு கோடு கிழிப்பீங்க."

"இல்ல... உனக்கு ஊட்டின்னா..."

"ஊட்டி எங்கயும் போயிடாது. அங்கயேதான் இருக்கும்" என்றாள். அதோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எனக்கு அந்த இரண்டு ராஜாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். மயிலுக்கு எதற்குப் போர்வை என்று சிரித்துமிருக்கிறோம். இன்னொருவர் சேர மன்னர் பெருஞ்சேரல் இரும்பொறை. மோசிகீரனார் என்ற புலவர் களைத்து வந்து, அரண்மனையில் முரசு வைக்கிற கட்டில் என்று தெரியாமல் ஏறித் தூங்கிவிட்டார். சட்டப்படி தலை போகவேண்டிய குற்றம். மன்னர் என்ன செய்தார்? பக்கத்தில் நின்று விசிறினார். ஒருவர் குளிருக்குப் போர்த்தினார், ஒருவர் புழுக்கத்துக்கு விசிறினார். இருவரும் தங்களுக்கு எந்தப் பருவம் பிடிக்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. எதிரே இருக்கிற ஜீவனுக்கு என்ன கஷ்டம் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுகிறவர்களிலும் இப்படிப்பட்ட வம்சத்தார் உண்டு.

* * *

ஜாயின் பண்ணுவதற்கு முன்னால், "ரெண்டு நாள் போய்ட்டு வாங்களேன்" என்று அப்பாவே எங்களை ஊட்டிக்கு அனுப்பிவைத்தார். அக்கா வந்து துணைக்கு இருந்தாள். 2024-லிருந்து காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து சின்ன ரயில். 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம். சைக்கிள்காரன் முந்திப்போகிற வேகம். அதில் ஒரு சுகம். ஒவ்வொரு டிகிரியாகக் குறைவதைச் சில்லறை எண்ணுகிற மாதிரி அனுபவிக்கலாம்.

ஊட்டியில் டூரிஸ்ட்கள் அத்தனை பேரும் குளிரை ரசித்துக்கொண்டிருக்க, உள்ளூர்க்காரர்கள் மட்டும் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்கிறார்கள். ஒரு டீக்கடைக்காரர் கடைக்கு வெளியே, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேள்வியைப் போட்டேன்.

"வெயில்தாங்க! ஜூன்ல மழை பிடிச்சா துணி காயறதுக்குள்ள உசிர் போயிடும்."

சென்னை இஸ்திரி வண்டிக்காரரும் ஊட்டி டீக்கடைக்காரரும் ஒரே கட்சி!

* * *

இப்போது வேலூரில் இருக்கிறோம். ஜூனில் வந்து இறங்கினோம். முதல் இரண்டு மாதம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, இலவச வெந்நீர் சர்வீஸ் நடத்தியது. அப்பா உற்சாகமாக இருந்தார். சாயந்தரம் கோட்டை அகழி ஓரம் ஒரு சுற்று. மூச்சு பேசவே இல்லை. 'முடிவில்லாத கோடையை வாங்கியாச்சு' என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

மார்கழி வந்தது.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊர் என்றால் வெயில் எப்படிக் கூடுதலோ, பனிக்காலத்து ராத்திரிக் குளிரும் அப்படியே கூடுதல். சென்னையைவிட இங்கேதான் சில்லென்று இருக்கிறது! அடியேனுடைய ஐந்தொகையில் விட்டுப்போன அயிட்டம்.

பரணிலிருந்து நெபுலைசர் இறங்கியது. மங்கி குல்லா இறங்கியது. "என்னடா, வேலூர்ல குளிருதே!" என்றார் அப்பா. குரலில் புகார் இல்லை. மார்ச் 31-ஐப் பார்த்துவிட்ட கணக்கப்பிள்ளையின் திருப்திதான் இருந்தது. இரண்டு ராத்திரி இழுத்தது. இந்தத் தடவை முகமூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நான். டிபார்ட்மென்ட் மாறிவிட்டேன்.

விடிகாலையில் அப்பா அயர்ந்து தூங்கினதும் மாடிக்குப் போனேன். அவள் ஊட்டியில் வாங்கிய சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் காபியோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பனியில் எதிரே மலை தெரியவில்லை. வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதி, ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருதா?"

"லேசா" என்றாள். "இன்னும் எத்தனை நாளுக்குங்க இந்தக் குளிர்?"

"தை கடைசி வரைக்கும் இருக்கலாம்."

"போதும்" என்று காபியை என்னிடம் நீட்டினாள். "அதுக்குள்ள மாமாவுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிடணும்."